வாசல் வைக்க மறந்த கூடாரம்

அன்பும் மரியாதையும், இந்த முறை கொஞ்சம் பயமும் சேர்த்து, அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கே நான் இடது முழங்காலும் ஒரு பேண்ட்டும் நீங்கலாக நலம். என் பெண், அதாவது உன் மருமகள், எதுவும் நீங்கலாக இல்லாமல் முழுசாக நலம். அங்கே உன் ரத்த அழுத்தமும் மாமாவின் காது மெஷினும் ஒழுங்காக இருக்கும் என்று நம்புகிறேன். மாமாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுவதாக இருந்தால் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்துக் காட்டு.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நானாகச் சொல்லாவிட்டாலும் எங்களை இங்கே கொண்டுவந்து விட்ட ஜீப்காரர் மூலமாக உனக்கு வந்து சேர்ந்துவிடும். அவர் மாமாவோடு பழைய கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தவராம், இரண்டு கை இரண்டு கால் கூடுதலாக ஒட்டி விற்கக்கூடிய ஆள். நடந்தது இதுதான். இன்று காலை ஏழரை மணிக்கு, ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், முன்பின் தெரியாத ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு முன்னால், முப்பத்தொரு வருஷமாக ஊரில் இருக்கிற கார், ஸ்கூட்டர், சோபா எல்லாவற்றுக்கும் உறை தைத்துக் கொடுக்கும் உன் தம்பி இடுப்புக்குக் கீழே உறை இல்லாமல் நின்றான். நின்றான் என்பதுகூடச் சரியில்லை, தவழ்ந்துகொண்டிருந்தான். ஏன், எப்படி என்பதை அதனதன் இடத்தில் சொல்கிறேன். நீ என்னை அனுப்பிய காரியத்துக்கு முதலில் கணக்குச் சொல்லியாக வேண்டுமே.

நீ கொடுத்தனுப்பிய தாளைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருந்தேன். அதில் நீ எழுதிய நாலு பாயிண்ட்டையும் ஜீப்பில் வரும்போதே மனப்பாடம் செய்துவிட்டேன். கல்லறையில் வேலை பார்ப்பது பெண்பிள்ளைக்கு ஆகாது என்று ஒன்று. வயசு இருபத்தெட்டு, கல்யாணம் என்ன ஆவது என்று ஒன்று. அவசரத்துக்கு ஒரு டாக்டர் கிடையாது என்று ஒன்று. கடைசியாக, அவள் அம்மா போன இந்த ஒன்பது வருஷமாக வீட்டில் இருப்பதே நீங்கள் இரண்டு பேர்தான், அவளும் போய்விட்டால் அப்பா ஒண்டியாகிவிடுவார் என்று நாலாவது. அதற்குக் கீழே நீ இரண்டு கோடு போட்டு, "இதைச் சொல்லும்போது கண் கலங்கினாலும் பரவாயில்லை" என்று அடைப்புக்குறிக்குள் வேறு எழுதியிருந்தாய். உன்னைப்போல் ஒரு அக்கா வக்கீல் ஆகாமல் போனது நீதிமன்றங்களுக்கு நல்லகாலம்.

நீ சொன்ன எதிலும் தப்பில்லை. இரண்டு வருஷ வேலை. சுரங்கம் மூடி நாற்பது வருஷமாக ஆள் இல்லாத ஊர். அங்கே இருக்கிற நானூற்றுச் சொச்சம் கல்லறைக் கற்களைக் கழுவி, சாய்ந்ததை நிமிர்த்தி, அழிந்த எழுத்தைப் படித்து, யார் யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று பதிவெடுக்க வேண்டுமாம். தங்குவதற்கு அந்த ஊரின் பழைய தபாலாபீஸ். பக்கத்துக் கடை அறுபது கிலோமீட்டர். இதற்குத்தான் அவள் ஆறு வருஷம் படித்தாளா என்று நீ கேட்டாய், நானும் கேட்டேன். அவள், "ஆமாப்பா, இதுக்குத்தான் படிச்சேன்" என்று விட்டாள். அதற்கு மேல் என்ன கேட்பது? "ஒரே ஒரு தடவ வந்து பாருங்க. ஒரு நாள் என்கூடத் தங்குங்க. பாத்துட்டு வேண்டாம்னு சொன்னா நான் கையெழுத்துப் போடல" என்றாள். அந்த வாக்கை நம்பித்தான் நீயும் என்னை அனுப்பினாய். அந்த வேலைக் காகிதத்தை அவள் இன்று ஜீப்காரரிடம் கொடுத்தனுப்ப வேண்டும், அதுதான் கடைசி நாள்.

தங்குவதற்குக் கூடாரம் வேண்டும் என்றாள். தபாலாபீஸ் கூரை இன்னும் முழுசாகப் போடவில்லை. வாங்கலாம் என்று அவள் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. உறைக்காரன் வீட்டில் கூடாரம் காசு கொடுத்து வாங்குவதா? துணி, நூல், மிஷின் எல்லாம் வைத்துக்கொண்டு? "நான் தெக்காத துணியா? நாலு நாள்ல தெச்சுத் தரேன்" என்று சொல்லிவிட்டேன். தைத்தும் விட்டேன். கடையில் மூலையில் கிடந்த ஒரு துணிக்கடையின் பழைய விளம்பரத் துணி, நல்ல தடிமன், மழை இறங்காது. இரட்டைத் தையல் போட்டு, மூலைக்கு மூலை தோல் பட்டை வைத்து, ஒரு லாரியைக் கட்டி இழுத்தாலும் பிரியாதபடி முடித்தேன். முடித்த அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். யாரும் ஒரு குறை சொல்லவில்லை. அக்கா, அவர்கள் எல்லாரும் கார் வைத்திருப்பவர்கள்.

இனி அந்த ஊரைப் பற்றி. நீ நினைக்கிற மாதிரி வௌவால் பறக்கிற ஊர் இல்லை. ஒரே ஒரு தெரு. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை இருக்கிறது, அதில் பாதி அழிந்த ஒரு கூட்டல் கணக்கு இருக்கிறது, விடை தப்பு. முடிவெட்டும் கடையில் நாற்காலி இருக்கிறது, உட்கார்ந்தால் இன்னும் சுற்றுகிறது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. தபாலாபீசில் கவுண்டர் இருக்கிறது, அதன் மேல் தாளை வைத்துத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழு ஜன்னல், ஏழும் மொட்டை ஜன்னல், சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. தெரு முடிகிற இடத்தில் மேடு, மேட்டில் கல்லறைத் தோட்டம். அதற்கு வெளியே மட்டமான தரை பார்த்து, "இங்க போடலாம்பா" என்றாள்.

ஜீப்காரரும் இறங்கி வந்து ஒரு கை பிடித்தார். நடுவில் கம்பை நட்டு, நான் தைத்ததை மேலே போட்டோம். போட்டவுடன் கீழ்ப்பக்கம் 'சர்ர்' என்று சுருங்கி நாலு மூலையிலும் கப்பென்று பிடித்துக்கொண்டது. அச்சாக ஒரு கார் நிறுத்தி மூடிவைத்த மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜீப்காரர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இன்னொரு சுற்றும் வந்தார்.

"மாஸ்டர், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உள்ள எப்பிடிப் போறது?"

முப்பத்தொரு வருஷப் பழக்கம், அக்கா. அளவெடு, வெட்டு, சுற்றித் தை, அடியில் எலாஸ்டிக் விடு. காருக்கு வாசல் எதற்கு? காருக்கு உள்ளே போகிறவன் உறையை எடுத்துவிட்டுத்தானே போவான். கை தன்பாட்டுக்குத் தைத்துவிட்டது, மூளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் மருமகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு படுத்துச் சிரித்தாள். அது போதாதென்று துணியின் எழுத்துப் பக்கம் வெளியே வந்துவிட்டதை அப்போதுதான் கவனித்தோம். துணிக்கடை விளம்பரத் துணி என்று சொன்னேன் அல்லவா? ஒரு முழ உயரச் சிவப்பு எழுத்தில், கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தபடி, "இன்றே கடைசி! அனைவரும் வருக!" என்று இருந்தது.

"அவங்கள்லாம் ஏற்கெனவே வந்துட்டாங்கப்பா" என்றாள் அவள்.

ஒருவர் எலாஸ்டிக்கைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் உருண்டு உள்ளே போவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். ஜீப்காரர் இதை ஊரில் போய்ச் சொல்லப்போகிற சந்தோஷத்தில் டீகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

அவர் போன பிறகு நான் காரியத்தில் இறங்கினேன். கண்டிப்பாகவே இறங்கினேன், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருக்கும்போது முதல் பாயிண்ட்டை எடுத்தேன். கல்லறை, பயம், தனியா ஒரு பொம்பளப் புள்ள, அக்கம்பக்கம் எப்படியோ என்றேன்.

"அக்கம்பக்கம் ரொம்ப அமைதிப்பா. யாரும் ஹார்ன் அடிக்கறதில்ல, யாரும் நம்ம வாசல்ல வண்டி நிறுத்தறதில்ல, மாடில யாரும் அம்மி நகத்தற மாதிரி கட்டில் நகத்தறதில்ல. நம்ம தெருவுல இந்த மாதிரி ஆளுங்க கெடைப்பாங்களா?"

மாடிவீட்டுக்காரரை நினைத்துப் பார்த்தேன். உடனே இரண்டாவதுக்குத் தாவினேன். "மேலும், உனக்கும் வயசு இருபத்தெட்டு ஆகிறது" என்று ஆரம்பித்தேன். அவள் முட்டையை உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது அத்தை எழுதிக் குடுத்ததா?"

"ச்சே ச்சே, அத்தைக்கு இது தெரியவே தெரியாது. எப்படிக் கேக்கற?"

"நீங்க பொறந்ததுலேருந்து 'மேலும்'னு ஒரு வார்த்த பேசினதில்லப்பா."

அக்கா, அடுத்த முறை எழுதிக் கொடுக்கும்போது தயவுசெய்து பேசுகிற பாஷையில் எழுதிக் கொடு. இருந்தும் நான் விடவில்லை. கல்யாணத்துக்கு என்ன பதில் என்று கேட்டேன். "வர்றவரு வாளி தூக்குவாருன்னா வரச் சொல்லுங்க, இங்க தண்ணி கீழேருந்துதான் கொண்டுவரணும்" என்றாள். வாளி தூக்குகிற பையன் யாராவது உன் பார்வையில் இருந்தால் சொல்.

மூன்றாவது பாயிண்ட்டை எழுந்து நின்று, கையில் கெண்டியோடு, கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன். "அவசரத்துக்கு ஒரு டாக்டர் உண்டா? ஒரு நர்ஸ் உண்டா? விழுந்தா யாரு தூக்கறது?" என்று கேட்டபடியே பின்னால் ஒரு அடி வைத்தேன். பின்னால் ஒரு கல்லறையின் ஓரக்கல் இருந்தது. விழுந்தேன். அவள்தான் தூக்கினாள். ஒரு பெட்டியைத் திறந்து, முழங்காலைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போட்டு முடிக்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. நம்ம தெருமுனை டாக்டர் அதற்குள் டோக்கன்கூடக் கொடுத்திருக்க மாட்டார். பெட்டிக்குள் ஒரு தடித்த போன் வேறு இருந்தது, டவரே வேண்டாமாம், நேரே வானத்தோடு பேசுமாம். ஜீப் வாரத்துக்கு இரண்டு தடவை வருமாம். மூன்றாவது பாயிண்ட்டுக்கு நானே எதிர்ச்சாட்சி சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போய் முட்டை தின்றேன்.

சாயங்காலம் வேலை பார்க்கப் போனாள். நானும் போனேன், உதவி செய்கிற மாதிரி போய் அலுக்கவைத்துத் திருப்பிக் கூட்டி வரலாம் என்று. பச்சைப் பாசி பிடித்த ஒரு கல்லைப் பார்த்து, கையோடு கொண்டுபோயிருந்த கம்பிப் பிரஷ்ஷை எடுத்து நல்லதுக்குத் தேய்க்கப் போனேன். "அப்பா! கைய எடுங்க!" என்று ஒரு சத்தம். அப்படியே உன் குரல், அக்கா. முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் உன் பட்டுத்துணியில் கத்தரி வைத்தபோது கேட்ட அதே குரல். கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. கம்பி பட்டால் எழுத்து போய்விடுமாம். குழந்தையின் தலையில் தண்ணீர் விடுவதுபோல் விட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் துடைக்கிறாள். துடைக்கும்போது கல்லோடு பேசுகிறாள். "கொஞ்சம் ஜில்லுனு இருக்கும் சார், பொறுத்துக்குங்க." நம்மிடம் என்றைக்காவது இத்தனை மரியாதையாகப் பேசியிருக்கிறாளா?

பிறகு ஒரு கல்லைக் காட்டினாள். மொழுமொழுவென்று இருந்தது. எழுத்து என்று ஒன்று அதில் இருந்ததற்கு அடையாளமே இல்லை. என் கையில் ஒரு நிலைக்கண்ணாடியைக் கொடுத்து, பக்கவாட்டில் போய் நின்று, இறங்குகிற வெயிலைப் பிடித்துக் கல்லின் மேல் படுக்கவாட்டில் அடிக்கச் சொன்னாள். மேலே கீழே ஆட்டினேன். "இன்னும் சாச்சு... இன்னும்... ஆங், அங்கயே." அக்கா, நான் சொன்னால் நம்பமாட்டாய். மொட்டைக் கல்லிலிருந்து எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. துணியைத் திருப்பிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் பழைய தையலின் தடம் தெரியுமே, அந்த மாதிரி. அவள் மண்டியிட்டு, விரல் படாமல், ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். சுரங்கக் கேண்டீனில் சமையல்காரராக இருந்தவராம். "இருபத்தாறு வருஷம் எல்லாருக்கும் சமைத்துப் போட்டார், குறை சொன்னவர்களுக்கும்" என்று வெட்டியிருந்தது.

"இவரு யாருன்னு லிஸ்ட்லயே இல்லப்பா. இப்பத்தான் மொதல்ல ஆளு கெடைச்சிருக்காரு" என்றாள். முகம் முழுக்கப் பாசித் தண்ணீர். ஸ்கூலில் முதல் பரிசு வாங்கின அன்றுகூட அந்த முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லை.

அப்புறம் திரும்பாமலே கேட்டாள். "சொல்லுங்கப்பா. வேண்டாம்னு சொல்லத்தான வந்தீங்க? சொல்லிடுங்க, நான் கோச்சுக்க மாட்டேன். அத்தை இன்னும் ஏதாவது எழுதியிருக்காங்களா?"

இந்த இடத்தில்தான் நான் நாலாவது பாயிண்ட்டைச் சொன்னேன். நீ கோடு போட்டிருந்தபடியே அழுத்தமாகச் சொன்னேன். அவள் முகம் மாறியது. அதைப் பற்றி விரிவாக எழுத மனம் வரவில்லை.

ராத்திரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, படுத்தேன், விடிந்தது. விடிந்தபோது அவள் உள்ளே இல்லை. காலை வெயிலும் சாய்வாகத்தான் விழுமாம், அதைப் பிடிக்க முன்னாலேயே எழுந்து போய்விட்டாள், நான் நல்ல தூக்கத்தில் எலாஸ்டிக்கைத் தூக்கிப் பிடித்தேனாம். இப்போது எனக்குப் பிடிக்க யாரும் இல்லை. வெளியே ஒரு வேன் வந்து நிற்கிற சத்தம். நாலைந்து பேர் பேசுகிற குரல். சுற்றிப் பார்க்க வந்தவர்கள். ஒரு பெண்மணி, "ஐயோ, இன்னிக்கே கடைசின்னு போட்டிருக்கே, நல்லவேளை வந்தோம். டிக்கெட் எங்க குடுக்கறாங்க?" என்கிறாள். நான் வியாபாரி, வந்தவர்களைக் காக்க வைக்க மனசு கேட்கவில்லை. எலாஸ்டிக்குக்குக் கீழே தலையை விட்டேன். தலை வந்தது, தோள் வந்தது, வயிறும் ஒருவழியாக வந்தது. பேண்ட் இடுப்பில் இருக்கிற கொக்கி எலாஸ்டிக்கில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். நான் முன்னால் வந்தேன், பேண்ட் உள்ளேயே இருந்துவிட்டது.

"அம்மா, ஒரு தாத்தா எந்திரிச்சு வெளிய வர்றாரு!" என்று ஒரு சின்னப் பெண் அலறினாள். பின்னால் கல்லறைகள், முன்னால் நான். அவள்மேல் தப்பே இல்லை.

உன் மருமகள் ஓடி வந்து போர்வையைப் போட்டு என்னை மூடினாள். வந்தவர்களிடம் ஏதோ சமாதானம் சொன்னாள். அப்புறம் என் பையிலிருந்து தையல் பிரிக்கிற பிளேடை எடுத்து, "வாசல் வெச்சிரட்டுமாப்பா?" என்றாள். "துணிய வெட்டாத, தையலோட போ" என்றேன். சின்ன வயசில் என் மிஷினுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து தப்புத் தையல் எல்லாம் பிரித்துக் கொடுப்பாளே, அந்தக் கை இன்னும் அப்படியே இருக்கிறது. லாரி இழுத்தாலும் பிரியாத என் இரட்டைத் தையல், ஒரு நூலும் அறுபடாமல், மேலிருந்து கீழாகத் திறந்துகொண்டது. "எங்கப்பா தெச்சதுல இருந்து வெளிய வர்றது அவ்வளவு சுலபமில்ல" என்று வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னாள். திட்டினாளா, புகழ்ந்தாளா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் குடும்பம் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதில் எழுதத்தக்கதாக ஒன்றும் நடக்கவில்லை.

ஆகவே, அக்கா, சுருக்கமாகச் சொன்னால், நீ சொன்னது எல்லாவற்றையும் நீ சொன்னபடியே சொல்லிவிட்டேன். கண்டிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆழமாக யோசிக்கிறாள். இதோ இந்த நிமிஷம் வரை காகிதத்தில் கையெழுத்து விழவில்லை. ஜீப் வந்ததும் கூட்டிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான். நீ மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இரு.

மாமாவுக்கு என் வணக்கத்தை, மெஷினை மாட்டிய பிறகு, சொல்லவும். என்னையும் அவளையும் மனசில் வாழ்த்திக்கொண்டே இரு. அந்த வாழ்த்துதான் இத்தனை நாள் எங்களுக்குக் கூரை.

உன் சொல் தட்டாத தம்பி.

பின்குறிப்பு: இதை ஜீப்பில் போய்க்கொண்டே எழுதுகிறேன், எழுத்து ஆடினால் அது ரோடு, வேறொன்றும் இல்லை. ஜீப்பில் நானும் ஜீப்காரரும் மட்டும்தான் இருக்கிறோம். அந்தக் குடும்பம் போகும்போது எழுதத்தக்கதாக ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதினேன் அல்லவா, நடந்தது. அவர்களுக்கு நான் கண்ணாடி பிடித்துச் சமையல்காரரைக் காட்டினேன். தாத்தா என்று அலறிய அந்தப் பெண் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மீதிக் கல்லிலெல்லாம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். "அடுத்த வருஷம் வா கண்ணு, எம் பொண்ணு இங்கதான் இருப்பா, எல்லாத்தையும் படிச்சு வெச்சிருப்பா" என்று என் வாய் சொல்லிவிட்டது. திரும்பிப் பார்த்தால் உன் மருமகள் பின்னால் நின்றுகொண்டிருக்கிறாள். கையெழுத்தை ஜீப் பானட்டின் மேல் வைத்துப் போட்டாள், பேனா என்னுடையது. நீ கொடுத்த தாள் தவறிப்போய் இந்த உறைக்குள் வந்திருக்கிறது, கிழித்துவிடாதே, உடனே திருப்பி அனுப்பு. அதன் பின்பக்கத்தில் தபாலாபீஸ் ஜன்னல் ஏழுக்கும் திரைத்துணி அளவு குறித்திருக்கிறேன், அடுத்த வாரம் ஜீப்பில் கொடுத்தனுப்ப வேண்டும். இன்னொன்று. நாலாவது பாயிண்ட்டைச் சொன்னேன் என்று எழுதியது பொய். அத்தை இன்னும் ஏதாவது எழுதியிருக்காங்களா என்று அவள் கேட்டபோது, "மூணுதாம்மா, கண்ணாடிய இன்னும் கொஞ்சம் சாய்க்கட்டுமா?" என்றுதான் சொன்னேன். முதல் மூன்றையும் தைரியமாகச் சொல்லிவிட்டேன் அக்கா, அவளால் பதில் சொல்ல முடிந்தது. நாலாவது நிஜம். அதனால் அதை மட்டும் சொல்லவில்லை.